சவேரியம்மாள் பெறாத மூத்த மகன்

சவேரியம்மாள் தன் வாழ்நாளில் பெற்றது ஒரே ஒரு பிள்ளை. சர்க்கார் கணக்கில் அவளுக்குப் பிள்ளைகள் இரண்டு. கோயில் கணக்கிலும் இரண்டு. அந்த இன்னொரு பிள்ளை எப்படி வந்தான் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குடியிருப்பின் பெயரைச் சொல்லமாட்டேன். பென்ஷன் ஆபீஸ்காரர்களும் பத்திரிகை படிக்கிறார்கள்.

அவள் புருஷன் மிக்கேல் வள்ளத்தில் தண்டு வலித்தவன். கல்யாணமான மறுவருஷம் சூசை பிறந்தான். சூசைக்குப் பல் முளைக்கும் முன்பே, ஒரு வாடைக்காற்றில் போன மிக்கேலின் வள்ளம் திரும்பவில்லை. சவேரியம்மாளுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. மறுமணம் என்று அவளிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கருவாட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டார்கள். அவளும் சுமந்தாள். சந்தை சந்தையாக நடந்து மகனை வளர்த்தாள். சொத்து என்று அவளிடம் இருந்தது குரல் ஒன்றுதான். பாம்பனில் அவள் விலை சொன்னால், கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் பேரம் பேசுவார்கள் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

சூசை வளர்ந்து, ஜெபமாலை என்ற பெண்ணைக் கட்டி, உலக யுத்தத்தின் நடுவில் பட்டாளத்தில் சேர்ந்தான். ராஜாவுக்காகவும் இல்லை, தேசத்துக்காகவும் இல்லை. மூன்று வேளைச் சோறு போடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள், போனான். பர்மாவில் செத்தான். வீட்டுக்கு ஒரு தந்தியும், ராஜா தலை போட்ட ஒரு மெடலும் வந்தன. பிறகு மாதாமாதம் ஜெபமாலை பேரில் மணியார்டர் வரத் தொடங்கியது. மாமியாரும் மருமகளும் அந்தப் பணத்தில்தான் அரிசி வாங்கினார்கள். கருவாடு குழம்புக்கு ஆகும், அரிசிக்கு ஆகாது.

சுதந்திரம் வந்தது. கொடி மாறியது. தபால்தலையில் இருந்த தலை மாறியது. விதவையைப் பற்றிய விதியில் மட்டும் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஜெபமாலை வருஷத்துக்கு ஒருமுறை, ‘நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை’ என்று எழுதிக் கைநாட்டு வைக்க வேண்டும். பங்குச்சாமி, அதாவது அந்த ஊர்க் கோயிலின் பாதிரியார், ‘ஆமாம், செய்துகொள்ளவில்லை’ என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதே ஊருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். மூத்தவள் செத்து ஆறு மாதத்தில் அடுத்தவளைக் கட்டினார், அவளும் செத்ததும் மூன்றாவதாக ஒருத்தியைக் கட்டினார். அவருடைய பென்ஷனில் ஒரு காசு குறையவில்லை. அவர் யாரோடு படுக்கிறார் என்று எழுதிக் கொடுக்கும்படி எந்த ஆபீசும் கேட்கவில்லை. நாட்டுக்காகச் சாகிறவனுக்குச் சர்க்கார் கொடுக்கும் விலை அவன் பெண்டாட்டியின் உடம்பின்மேல் வைத்த அடமானம் என்பது அந்த விதியைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இப்போது இன்னாசி. முப்பதைத் தாண்டியவன், காதோரம் நரை. கன்னியாஸ்திரிகளின் அநாதை மடத்தில் வளர்ந்தவன். தாய் தகப்பன் யார் என்று அவனுக்கும் தெரியாது, மடத்துக்கும் தெரியாது. திருக்கை மீனின் முள் குத்தியதால் ஒரு கால் லேசாக நொண்டும். கிழிந்த வலையை அவனைப் போல முடிய ஆள் கிடையாது என்று ஊரில் கூப்பிட்டு வந்து வைத்துக்கொண்டார்கள். சவேரியம்மாள் வீட்டில் காசுக்குச் சாப்பிட்டான். கொஞ்ச நாளில் காசில்லாமல் சாப்பிட்டான். அப்புறம் ஜெபமாலை அவனுக்கு முதலில் சோறு போட்டுவிட்டு மாமியாருக்குப் போட ஆரம்பித்தாள்.

“ஏ புள்ள, கட்டிக்கிறதுன்னா சொல்லித் தொலை. என் சோறு ஆறிப் போகுது” என்றாள் சவேரியம்மாள்.

பங்குச்சாமி காதுக்கும் விஷயம் போனது. அவர் கெட்ட மனிதர் அல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சவேரியம்மாளைக் கூப்பிட்டு, “தவக்காலம் தொடங்கிட்டா நாப்பது நாளைக்குக் கல்யாணம் வைக்க முடியாது. அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் முடிச்சுரு. இல்லைன்னா அவன் உன் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது” என்றார்.

சவேரியம்மாளுக்குச் சம்மதம். ஆனால் அரிசி? மருமகளைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு ரயில் ஏறினாள்.

ஆபீசில் குமாஸ்தா விதிப்புத்தகத்தைத் திறந்தார்.

“மறுவிவாகம் பண்ணினா அந்தத் தேதியோட பென்ஷன் கட்.”

“ஏன்யா? இவ கட்டிக்கிட்டா செத்த என் மகன் பொழைச்சு வந்துருவானா?”

“அதில்லம்மா. புதுப் புருஷன் காப்பாத்துவான்ல.”

“புதுப் புருஷன் இவளைக் காப்பாத்துவான். என்னைய?”

குமாஸ்தா மறுபடி புத்தகத்தில் தேடினார். ஒரு இடத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார். “ஒரு வழி இருக்கு. செத்தவரோட கூடப்பிறந்த சகோதரனைக் கட்டிக்கிட்டு, அந்தக் குடும்பத்தோடயே இருந்தா பென்ஷன் நிக்காது.”

“அது மட்டும் ஏன் அப்படி?”

“வீட்டுப் பொம்பளை வீட்டோட இருக்கில்ல?”

பக்கத்தில் நின்ற ஜெபமாலை, “நான் என்ன வீட்டு அண்டாவா?” என்று கேட்டாள்.

“விதியை நான் எழுதலைம்மா.”

“சூசைக்குக் கூடப்பிறந்தவன் இல்லையேய்யா” என்றாள் சவேரியம்மாள்.

“அதுக்குச் சர்க்கார் என்ன பண்ணும்?”

சவேரியம்மாள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். “சர்க்கார் ஒண்ணும் பண்ண வேணாம். நான் பாத்துக்கிறேன்.”

திரும்பி வரும்போது பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் கடல். சவேரியம்மாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலம் முடிவதற்குள் கேட்டாள்.

“ஏ புள்ள, இன்னாசிக்கு என்ன வயசிருக்கும்?”

“அவுகளுக்கு மூத்தவருதான் மாமி. ரெண்டு மூணு வயசு கூட இருக்கும்.” அவுக என்றால் செத்துப்போன சூசை.

“அப்பச் சரி. கல்யாணத்துக்கு முந்திப் பெத்ததா வச்சுக்கிருவோம்.”

“எதை மாமி?”

“இன்னாசியை.”

ஜெபமாலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “மாமி, ஊரு என்ன சொல்லும்?”

“ஊரா எனக்கு மணியார்டரு அனுப்புது?”

வலை முடிந்துகொண்டிருந்த இன்னாசியிடம் சவேரியம்மாள் விஷயத்தைச் சொன்னாள். அவன் ஊசியைக் கீழே வைக்காமல் கேட்டான். “அப்ப அய்யா யாரு?”

“மிக்கேலு.”

“நல்ல மனுசனா?”

“குடிப்பாரு. ஆனா நல்ல மனுசன்.”

“சரி ஆத்தா” என்றான் இன்னாசி. மறுபடி வலையில் குனிந்தவன் வெகுநேரம் ஒரு கண்ணிகூடப் போடவில்லை.

இன்னாசி மூத்த மகன் என்று ஆபீசுக்கு மனுப் போனது. தை மாதக் கடைசியில் விசாரணை அதிகாரி ஒருவர் குடையும் பெட்டியுமாக வந்து இறங்கினார். கரையில் பாய்மரத் துணியைக் கட்டி நிழல் போட்டு, நாற்காலி கொடுத்தார்கள். அன்றைக்கு ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை.

“இவர் உங்க மகனா?”

“ஆமாய்யா. மூத்தவன்.”

“எப்பப் பிறந்தார்?”

“கல்யாணத்துக்கு முந்தி.”

அதிகாரியின் பேனா நின்றது. குரலைத் தாழ்த்தி, “தகப்பன் வேற ஆளா இருந்தா செல்லாதும்மா. ஒரே தாய், ஒரே தகப்பனா இருக்கணும்” என்றார்.

“வேற ஆளா? என்னைய என்ன நெனச்சீக? என் புருஷனுக்குத்தான் பெத்தேன்!”

“கல்யாணத்துக்கு முந்தி அவர் உங்க புருஷன் இல்லையே?”

“அதான் அதுக்கப்புறம் கட்டிக்கிட்டேன்ல!”

கூட்டம் கைதட்டியது. அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அப்ப ஏன் அநாதை மடத்துல விட்டீங்க?”

“பின்ன, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டா போயித் தாலிக்குக் கழுத்தை நீட்டுறது?”

இதோடு விட்டிருந்தால் காரியம் சுத்தமாக முடிந்திருக்கும். ஆனால் எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு உதவி செய்ய ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பிரசவம் பார்த்தது யார் என்று அதிகாரி கேட்டதும் மூன்று கிழவிகள் எழுந்தார்கள். “தொப்புள்கொடியை நாந்தான் அறுத்தேன்” என்றாள் ஒருத்தி. “பொய்யி, நாந்தான்” என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் கத்தி கொண்டுவந்தே காட்டினாள்.

“ஒரு பிள்ளைக்கு எத்தனை தொப்புள்கொடி?” என்றார் அதிகாரி.

“பெரிய பிள்ளைய்யா. ஆளுக்குக் கொஞ்சம் அறுத்தாக” என்றாள் சவேரியம்மாள்.

சந்தனம் என்ற முதியவர், அந்தக் கடைசி வாடைக்கு முன்பு மிக்கேலோடு ஒரே வள்ளத்தில் தொழில் பார்த்தவர், தன் பங்குக்கு எழுந்தார். “நடையைப் பாருங்கய்யா. மிக்கேலு நடையே உரிச்சு வச்சிருக்கு.”

அதிகாரி இன்னாசியின் நொண்டுகிற காலைப் பார்த்தார். “மிக்கேலும் நொண்டுவாரா?”

சந்தனம் விடவில்லை. “ஆமாய்யா. கல்யாணத்துக்கு முந்தி.”

அந்த அதிகாரி எதை நம்பினார், எதை நம்பவில்லை என்று எனக்குத் தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தாய் ஊர் நடுவில் நின்று, கல்யாணத்துக்கு முன் பிள்ளை பெற்றேன் என்று தன் வாயாலேயே சொல்கிறாள். இப்படி ஒரு பொய்யை ஒருத்தி சொல்லுவாள் என்று அவர் படித்த எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. கோயிலில் முறைப்படி கல்யாணம் முடிந்து, தாயோடு ஒரே வீட்டில் இருந்தால் பென்ஷன் தொடரலாம் என்று எழுதிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார்.

அவர் தலை மறைந்ததும் பங்குச்சாமி ஆள் அனுப்பிச் சவேரியம்மாளைக் கூப்பிட்டார்.

“சவேரி, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே? புருஷனோட அண்ணனைக் கட்டுறதுக்குத் திருச்சபையில தடை. தெரியுமா உனக்கு?”

சவேரியம்மாளுக்குத் தெரியாது. சர்க்காருக்கும் தெரியாது. சர்க்கார், ‘புருஷனுடைய சகோதரனை மட்டும் கட்டு’ என்கிறது. கோயில், ‘யாரை வேண்டுமானாலும் கட்டு, புருஷனுடைய சகோதரனை மட்டும் கட்டாதே’ என்கிறது. இரண்டும் எழுதப்பட்ட சட்டங்கள். இரண்டையும் எழுதியவர்கள் ஆண்கள். அவர்களில் ஒருவரும் ஜெபமாலையின் அரிசிப் பானையை எட்டிப் பார்த்தவர் இல்லை.

“மேற்றிராணியார் தனியா அனுமதி கொடுத்தா நடத்தலாம்” என்றார் சாமி, பிஷப்பைச் சொல்லி. “ஆனா நான் எதுக்கு அவருக்கு எழுதணும்? இன்னாசி உன் மகன் இல்லை. எனக்குத் தெரியும். மடத்துக்கு எழுதி, அவனை எங்கன எடுத்தாங்கன்னு கேட்டு வாங்கி ஆபீசுக்கு அனுப்பப்போறேன்.”

“என் மகன்தான் சாமி.”

“அப்படின்னா ஊரறிஞ்ச பாவம். ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல மெழுகுதிரியோட முழங்கால்ல நிக்கணும். நிப்பியா?”

பயந்து உண்மையைக் கக்கிவிடுவாள் என்று அவர் நினைத்தார்.

“எந்தப் பக்கம் பாத்து நிக்கணும் சாமி?” என்று கேட்டாள் சவேரியம்மாள்.

நின்றாள். பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள். இருபது வயது முதல் விதவையாக இருந்தவள். ஒரு ஆண்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள் என்று எவனும் சொன்னதில்லை. அப்படி இருந்ததற்காக அவளுக்கு யாரும் ஒரு மெழுகுதிரி கொடுத்ததில்லை. செய்யாத தப்புக்குக் கொடுத்தார்கள். காற்றில் திரி அணையாமல் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்த கிழவி ஒருத்தி குனிந்து, “மிக்கேலு அம்புட்டுத் துணிச்சலான ஆளாடி?” என்று கேட்டாள். “வாயை மூடிட்டுப் போ, சிரிப்பு வந்துரும்” என்றாள் சவேரியம்மாள்.

சாமி அசையவில்லை. திங்கட்கிழமை தபாலில் மடத்துக்குக் கடிதம் போகும் என்று சாமிக்கு உதவியாளான கோயில்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போனார். ஜெபமாலை அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். “விட்டுரு மாமி. அவரு வேற ஊருக்குப் போகட்டும். நான் பென்ஷனோடயே கெடக்கிறேன்” என்றாள். இன்னாசி தன் துணிமூட்டையைக் கட்ட ஆரம்பித்தான். கட்டியதைச் சவேரியம்மாள் அவிழ்த்தாள். அவன் மறுபடி கட்டினான். அவள் மூட்டையைத் தூக்கித் தன் கருவாட்டுக் கூடைக்குள் போட்டுவிட்டுக் கோயிலுக்கு நடந்தாள்.

பாவசங்கீர்த்தனக் கூண்டில் சாமி உட்கார்ந்திருந்தார். செய்த பாவங்களைச் சாமி காதில் சொல்லி மன்னிப்புக் கேட்கிற இடம் அது. அங்கே கேட்டதைச் சாமி வெளியே ஒருவரிடமும் சொல்லக் கூடாது. கழுத்தில் கத்தி வைத்தாலும் கூடாது.

“பொய் சொல்லிட்டேன் சாமி.”

“என்ன பொய்?”

“இன்னாசி நான் பெத்தவன் இல்ல.”

“சவேரி, இதை வெளியில வந்து சொல்லு” என்றார் சாமி.

“வெளியில நீங்க சொல்லக் கூடாதுல்ல சாமி?”

“...கூடாது.”

“கடுதாசியில?”

“கூடாது.”

“உங்களுக்குத் தெரியாதது மாதிரி நடக்கணும், அப்படித்தான?”

“அப்படித்தான்.”

“அப்பச் சரி சாமி. மனசு லேசாயிருச்சு.”

“ஏய், எங்கே எந்திரிக்கிறே? பொய்யைத் திருத்தினாத்தான் மன்னிப்பு!”

“மன்னிப்பை மெதுவாத் தாங்க சாமி, அவசரமில்ல. கல்யாணந்தான் அவசரம்.”

மனம் உறுத்திப் போனாளா, திட்டம் போட்டுப் போனாளா என்று பின்னாளில் அவளிடம் கேட்டார்கள். ரெண்டுந்தான் என்றாள். ரகசியம் காக்க வேண்டிய கட்டாயம் சாமிக்கு மட்டும்தான், பாவிக்கு இல்லை. மறுநாள் சந்தையில் கருவாடு வாங்க வந்தவர்கள் எல்லாருக்கும் கூண்டில் நடந்ததை அவளே சொல்லிவிட்டாள். ஆக, மொத்த ஊருக்கும் தெரிந்த உண்மையைப் பேச முடியாத ஒரே மனிதர் பங்குச்சாமி.

அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சும்மா சந்தேகப்பட்டபோது மடத்துக்குக் கடிதம் எழுதலாம். உண்மை தெரிந்த பிறகு எழுதக் கூடாது. எழுதினால் கூண்டின் ரகசியத்தை உடைத்ததாகும். அனுமதி கேட்காமல் கல்யாணத்தை நடத்திவிடலாமா? அதுவும் கூடாது. இன்னாசி சகோதரன் இல்லை என்று தெரிந்துகொண்டு நடத்தியது போல ஆகிவிடும். இல்லாத தடையை நீக்கும்படி மேற்றிராணியாருக்கு மனு எழுதுவது ஒன்றுதான் மிச்சம். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கோயில்பிள்ளை சொன்னார். மூன்றாம் நாள் எழுதினார். மடத்துக்கு எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டார்.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை அனுமதி வந்தது. ‘இறந்த கணவனின் சொந்தச் சகோதரனாகிய’ இன்னாசியை ஜெபமாலை மணந்துகொள்ளலாம். சர்க்கார் சும்மா நம்பியிருந்ததை இப்போது திருச்சபை முத்திரை குத்தி உறுதி செய்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கல்யாணம். வழக்கப்படி சாமி மக்கள் பக்கம் திரும்பி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். தடை எதுவும் கிடையாது என்பது கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதை மட்டும் சொல்லிவிடக் கூடாதே என்று எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சந்தனத்தை நம்ப முடியாது என்று இரண்டு பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மணியார்டர் நிற்கவில்லை. வருஷா வருஷம் ஆபீசிலிருந்து ஆள் வந்து, மூத்த மகன் தாயோடுதான் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு, வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஜெபமாலைக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. மூத்தவளுக்கு ஜோதிமேரி என்று பேர் வைத்தார்கள். பங்குச்சாமி ஊர் மாறிப் போகிற அன்று சவேரியம்மாள் வீட்டு வாசல் வரை வந்தார்.

“சாமி, அந்த மன்னிப்பு?” என்று கேட்டாள்.

“எந்த மன்னிப்பு?” என்றார் சாமி. அதைப் பற்றி அவர் பேச முடியாது. குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

சவேரியம்மாள் அறுபது வயதிலும் கூடை சுமந்தாள். ஒருநாள் சந்தையிலிருந்து திரும்பும்போது இன்னாசி எதிரே வந்து கூடையை வாங்கிக்கொண்டான். கொஞ்ச தூரம் நடந்தார்கள். மணலில் அவன் கால் ஒரு பக்கமாக இழுத்தது.

“ஆத்தா, கேட்டா வையக் கூடாது.”

“கேளு.”

“என்னைய மெய்யாவே நீதான் பெத்தியோ? மடத்துல எடுத்தப்ப நான் ஒரு கருவாட்டுக் கூடையில கெடந்தேன்னு ஒரு சிஸ்டரு சொன்னாக. அதான்.”

சவேரியம்மாள் நின்றாள். அவனைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தாள்.

“ஏலே, சர்க்கார் சொல்லிருச்சு. மேற்றிராணியாரு சொல்லிட்டாரு. மூணு பேரு கொடி அறுத்திருக்காக. உனக்கு மட்டும் என்னடா சந்தேகம்? கூடையை நேராப் பிடி, நெத்திலி கொட்டுது.”

அவன் கூடையை நேராகப் பிடித்துக்கொண்டான்.